நன்கொடை நடைக்கு நாயைக் கூட்டிப் போகிறீர்களா?

இரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு நிதி திரட்ட பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நடை. எங்கள் பயிற்சிக் குழுவிலிருந்து 14 நாய்கள் போயிருந்தோம். ஆறு மணிக்கே கார்ல் ஷ்மிட் நினைவகம் பக்கம் கூடிவிட்டோம். கிளம்ப வேண்டியது ஆறேகாலுக்கு. சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்கும்போது மணி எட்டு. எட்டரை தாண்டியதும் எங்கள் லாப்ரடார் ஒன்று சாலையோரம் அப்படியே படுத்துவிட்டான்.

சோம்பல் என்றுதான் அவனை வளர்ப்பவர் நினைத்தார். "எழுந்திருடா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று லீஷை இழுத்தார். நான் குனிந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. நாக்கு நுனியில் அகலமாக விரிந்து தொங்கியது. எச்சில் பசை மாதிரி நூல் விட்டது. வெப்பத் தாக்கு.

இளநீர் வண்டிக்காரர் தன் குடத்துத் தண்ணீர் முழுவதையும் கொடுத்தார். நிழலுக்கு இழுத்து, வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தோம். நடைக்காக அச்சடித்த பேனரை மடித்து இரண்டு பேர் விசிறினார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் காரில் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து மருத்துவமனைக்கு ஓடினோம். முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், பயணம் அப்புறம். ஈரத்துணியைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஏழு மணிக்கே "எங்கள் நாய்கள் நடக்காது" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். மேடை, கூட்டம், மரியாதை என்று தயங்கினேன். அந்தத் தயக்கம் உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையின் புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் வெயில் சுமாராக இருக்கும்போதுகூட நாய்க்குத் திணறும். அதன் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 104ஐத் தாண்டினால் ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், வயதானவை, எடை கூடியவை இன்னும் வேகமாக விழும். புறப்படும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. இப்போது எங்கள் குழுவில் ஒரே விதி: ஏழரைக்குள் நாய்களின் நடை முடிந்துவிட வேண்டும். அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுவோம்.

வெயில் மட்டுமல்ல, சத்தமும் பெரிய விஷயம். மைதானத்தில் "உட்கார்", "இரு" எல்லாம் அழகாகச் செய்யும் நாய், செண்டை மேளம் தொடங்கியதும் வேறு நாயாகிவிடும். பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பிஸ்கட்டைக் கொடுத்தால்கூட வாங்காமல் இருப்பது எல்லாம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அது சொல்லும் விதம். வால் ஆடுகிறதே, சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உடம்பு விறைத்து, வால் மேலே தூக்கி வேகமாக ஆடினால் அது எச்சரிக்கை. உறுமலை ஒருபோதும் அதட்டி அடக்காதீர்கள். உறுமத் தெரியாத நாய் நேராகக் கடிக்கும்.

குழந்தைகள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. நடுவில் நிற்க வேண்டியது நாம்தான். "கொஞ்சம் இரு கண்ணா, அவன் முதல்ல உன் கையை மோந்து பாக்கட்டும்" என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் அழகாகக் கேட்டுக்கொள்வார்கள். நீண்டு சுருங்கும் லீஷ் கூட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். ஆறடி சாதாரண லீஷும் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் நல்ல ஹார்னெஸும் போதும். சிப்பிப்பாறை, கன்னி ரக நாய்களை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம், தலையும் ஒல்லி. சாதாரண காலரை நொடியில் உருவிக்கொண்டு போய்விடும்.

வழியில் இருக்கும் தெருநாய்களை நடை ஏற்பாடு செய்பவர்கள் மறந்தே போகிறார்கள். அந்தச் சாலை அவற்றின் வீடு. முன்பின் தெரியாத 14 நாய்கள் வரிசையாக உள்ளே வந்தால் அவை குரைக்காமல் என்ன செய்யும்? விரட்டினால் சண்டை பெரிதாகும். நாங்கள் முந்தின நாளே போய், அங்கே தினமும் சோறு வைக்கும் அக்காவிடம் பேசிவிடுவோம். நடை கடக்கும் நேரத்தில் அவர் அடுத்த தெருவில் தட்டை வைப்பார், அவை அங்கே போய்விடும். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகு எங்கள் நடைகளில் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

பதிவு மேசையிலேயே வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழையும் மாநகராட்சி உரிமத்தையும் பார்த்துவிடுகிறோம். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகளைச் சேர்ப்பதில்லை. தரையை மோந்தாலே பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றலாம். மீறி யாரையாவது நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாத நாயை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களுக்கும் எங்கள் குழுவின் டி-ஷர்ட் உண்டு. தண்ணீர் மேசையை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த லாப்ரடாருக்கு இப்போது ஒன்பது வயது. இந்த வருடமும் வந்தான். கொடியசைத்ததும் முந்நூறு மீட்டர் நடந்தான், கை தட்டியவர்களிடம் எல்லாம் தலையைக் கொடுத்தான். அப்புறம் வீட்டுக்கார அம்மா அவனை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டார். மீதி தூரத்தை அவர் கணவர் தனியாக நடந்து முடித்தார்.