பார்வை பூஜ்யம் என்பதால் பழைய பக்கத்தை அழித்துவிடாதீர்கள்

இணையதளத்தில் சேர்ந்துவிட்ட பழைய பக்கங்களை ஒழுங்குபடுத்த உட்காருபவர்கள் முதலில் திறப்பது, வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைத்தான். ஆறு மாதமாக யாரும் வராத பக்கங்கள் எவை என்று பட்டியல் எடுக்கிறார்கள், மொத்தமாக அழிக்கிறார்கள். ஆனால் அனலிட்டிக்ஸில் 'பூஜ்யம்' என்று ஒரு வரி வராது. பார்வை பதிவாகாத பக்கம் அந்த அறிக்கையில் இருக்கவே இருக்காது. யாரும் வராததால் இல்லாத பக்கமும், ஆட்கள் வந்தும் டேக் (வருகையைப் பதிவுசெய்யப் பக்கத்தில் வைக்கும் சிறு நிரல்) வேலை செய்யாததால் இல்லாத பக்கமும் அங்கே ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே கணக்கு சரியா என்று பார்த்த பிறகுதான் பக்கங்களில் கை வைக்க வேண்டும்.

டேக் விட்டுப்போவது பெரும்பாலும் பழைய பக்கங்களில்தான், அதற்குக் காரணமும் உண்டு. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. அப்போது தளத்தின் முக்கிய டெம்ப்ளேட்டில் (பக்கங்களுக்குப் பொதுவான வார்ப்பில்) 'ஜி-' என்று தொடங்கும், அனலிட்டிக்ஸின் புதிய பதிப்பான ஜிஏ4இன் எண்ணைப் போட்டவர்கள், கையால் எழுதிய தனிப் பக்கங்களையும், பழைய பிரச்சாரப் பக்கங்களையும், வேறு ஃபுட்டர் (பக்க அடிப்பகுதி) கொண்ட பகுதிகளையும் மறந்துவிட்டார்கள். அவற்றில் இன்றும் பழைய 'யுஏ-' எண் மட்டுமே கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல். அது பக்கத்தில் உள்ள டேக்கை நம்பி இல்லை. தேடல் முடிவில் விழுந்த கிளிக்கை கூகுளே எண்ணுகிறது. 16 மாதத் தரவு கிடைக்கும். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் பக்கங்களை ஏற்றுமதி செய்து, அதே காலத்துக்கான அனலிட்டிக்ஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள். திரையிலிருந்து நேரடியாக எடுத்தால் 1000 வரிகள்தான் வரும் என்பதால், பெரிய தளமென்றால் பகுதி பகுதியாக வடிகட்டி எடுங்கள். சர்ச் கன்சோலில் கிளிக் இருந்து அனலிட்டிக்ஸில் பெயரே இல்லாத பக்கம் எதுவானாலும் டேக் கோளாறு என்று சந்தேகிக்கலாம். எண்கள் அப்படியே பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை: கிளிக் வேறு, செஷன் (ஒருவரின் ஒரு வருகை) வேறு.

அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக இப்படிச் சோதியுங்கள். விளம்பரத் தடுப்பான் இல்லாத இன்காக்னிட்டோ சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி டெவலப்பர் கருவிகளை வரவழைத்து, நெட்வொர்க் பகுதியில் 'கலெக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வடிகட்டியில் இடுங்கள். பக்கத்தை ரீலோட் செய்துவிட்டு மவுஸைத் தொடாமல் பத்து நொடி காத்திருங்கள். டேக் சரியென்றால் கூகுள் அனலிட்டிக்ஸுக்கு ஒரு கோரிக்கை கிளம்பி 204 என்ற பதில் வரும். அதன் பேலோடில் (அனுப்பும் தகவலில்) 'டிஐடி' என்பதற்கு எதிரே உங்கள் ஜிஏ4 எண்ணும், 'இஎன்' என்பதற்கு எதிரே பேஜ் வியூ என்ற நிகழ்வும் இருக்க வேண்டும். மூல நிரலில் டேக் தெரிகிறது என்பதோடு திருப்திப்படாதீர்கள். தெரியும் டேக் எல்லாம் ஓடும் டேக் அல்ல.

மவுஸைத் தொடாமல் இருக்கச் சொன்னதற்குக் காரணம், வேகம் கூட்டும் கேஷ் ப்ளக்இன்கள் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்கள்). பார்வையாளர் திரையைத் தொடும்வரை அல்லது ஸ்க்ரோல் செய்யும்வரை ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும் வசதி பலவற்றில் உண்டு. பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் தொலைபேசி எண்ணையோ கடைசித் தேதியையோ பார்த்துவிட்டு மூடுபவர் கணக்கில் வரவே மாட்டார். மவுஸை அசைத்த பிறகுதான் கோரிக்கை கிளம்புகிறது என்றால் கோளாறு இதுதான்; அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டை அந்த வசதியிலிருந்து விலக்குங்கள். அசைத்தாலும் எதுவும் கிளம்பவில்லை என்றால் அதே எஃப்12 கருவிகளின் கன்சோல் பகுதியில் சிவப்பு வரி இருக்கிறதா பாருங்கள். தளத்தின் பாதுகாப்புக் கொள்கை ஹெடர் (சர்வர் பக்கத்தோடு அனுப்பும் குறிப்பு) கூகுளின் ஸ்கிரிப்டைத் தடுத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். டேக்குகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் டேக் மேனேஜர் வைத்திருப்பவர்கள், மாற்றத்தைப் பிரிவ்யூவில் பார்த்ததோடு நின்று பப்ளிஷ் அழுத்த மறந்திருக்கவும் கூடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு இரட்டை எண்ணிக்கை. தீமில் ஒரு டேக், ப்ளக்இன் வழியாக ஒன்று, டேக் மேனேஜர் வழியாக இன்னொன்று. ஒரே 'டிஐடி'யோடு இரண்டு பேஜ் வியூ கிளம்பினால் பார்வைகள் மட்டும் இரட்டிப்பாவதில்லை. ஒரு செஷன் 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ, இரண்டு பக்கப் பார்வை இருந்தாலோ ஜிஏ4 அதை ஈடுபாடுள்ள செஷன் என்று கொள்கிறது. இரட்டை டேக் இருந்தால் திறந்தவுடனே ஓடிப்போனவரும் ஈடுபாடுள்ளவர் ஆகிவிடுவார். ஈடுபாட்டு விகிதம் 100 சதவீதத்தை நெருங்கி நின்றால் மகிழாதீர்கள், டேக்கை எண்ணுங்கள்.

இன்னும் இரண்டு அமைப்புகள் பழைய பக்கங்களைப் பற்றிய முடிவைத் தவறாக்கும். ஜிஏ4இல் தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம். எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் ஆறு மாதத் தேதி போட்டுப் பட்டியல் எடுத்தாலும் 2 மாதத்துக்குரியதுதான் கிடைக்கும். அட்மின் பகுதியில் அதை 14 மாதமாக மாற்றுங்கள். ஏற்கெனவே நீக்கப்பட்டது திரும்பாது. மற்றொன்று நேர மண்டலம். கணக்கு அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்தால் இந்தியாவில் பகல் 12:30க்கு, அங்கே குளிர்காலமானால் 1:30க்கு, புது நாள் தொடங்கும். அறிவிப்பு வெளியான அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இரண்டு நாளில் சிதறிவிடும். அனலிட்டிக்ஸில் இதை இந்திய நேரத்துக்கு மாற்றலாம். சர்ச் கன்சோலின் நாள் கணக்கு பசிபிக் நேரப்படிதான் இருக்கும், இரண்டையும் ஒப்பிடும்போது அதை நினைவில் வையுங்கள்.

தமிழில் முகவரி வைக்கும் வேர்ட்பிரஸ் தளங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 'டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிப்பு 2022' என்று தலைப்பிட்டால் முகவரி 'டிஎன்பிஎஸ்சி-குரூப்-4-தேர' என்பதோடு வெட்டுப்படும். 'தேர்வு' பாதியில் நிற்கிறது, ஆண்டு போயேபோய்விட்டது. 2024க்கு எழுதும் பக்கம் அதே பெயரோடு '-2' பெறும், 2025க்கானது '-3'. முகவரியைப் பார்த்து எது பழையது என்று யாரும் சொல்ல முடியாது. அவசரத்தில் தவறான பக்கத்தை அழிப்பது இப்படித்தான் நடக்கிறது. முகவரிப் பெயரைக் கையால் சுருக்கி எழுதுங்கள்.

ஆண்டுதோறும் வரும் அறிவிப்புகளுக்கு ஆண்டுக்கொரு பக்கம் தேவையா என்றும் யோசியுங்கள். ஆண்டு இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தைப் புதுப்பித்துவருவதே நல்லது. பழைய இணைப்புகளின் மதிப்பு அதிலேயே சேரும். முடிந்துபோன விண்ணப்பத் தேதியைத் தேடல் வழியே வந்து படித்து ஒருவர் ஏமாறவும் மாட்டார். தேதியை மட்டும் மாற்றிவிட்டுப் புதுப்பித்ததாகக் காட்டுவது வாசகரை ஏமாற்றுவது. கூகுளிடமும் அது பலிக்காது: சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியலில்) உள்ள கடைசி மாற்றத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்கிறது.

பழைய பக்கத்துக்கு ஈடான புதிய பக்கம் இருந்தால் 301 திசைதிருப்பல் ('நிரந்தரமாக இடம் மாறியது' என்ற சர்வர் பதில்). ஈடு இல்லை, பயனும் இல்லை என்றால் 410 ('நீக்கப்பட்டது') அல்லது 404 ('கிடைக்கவில்லை'). எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. கூகுள் அதை மென்மையான 404 (சர்வர் சொல்லாவிட்டாலும் பக்கம் இல்லாததற்குச் சமம்) என்றே எடுத்துக்கொள்கிறது. வந்த மனிதருக்கோ தான் தேடியது எங்கே போயிற்று என்று புரியாது. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரையில் காட்டிவிட்டு சர்வர் 200 ('எல்லாம் சரி') அனுப்பினாலும் இதே கதிதான். நெட்வொர்க் பகுதியின் முதல் வரியில் எந்த எண் வருகிறது என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அப்பாச்சி சர்வரில் திசைதிருப்பல் விதி எழுதும்போது, சதவீதக் குறிகளோடு உள்ள நீண்ட முகவரியை ஒட்டினால் விதி பிடிக்காது. அது குறிவிலக்கிய (சதவீதக் குறிகளை எழுத்தாக மாற்றிய) முகவரியோடுதான் ஒப்பிடுகிறது. தமிழிலேயே எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஒகர, ஓகார உயிர்மெய்யைக் கவனியுங்கள். 'கோ' என்பதன் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு வெவ்வேறு முகவரி. விதியைத் தட்டச்சு செய்யாமல், உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதைக் குறிவிலக்கிப் படியெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு.

தளத்தில் இருக்கட்டும், தேடலில் வர வேண்டாம் என்கிற பக்கத்துக்கு, அதையே தேடுபொறிக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிப்பு. அதே பக்கத்தை, தேடுபொறி நிரல்கள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) உள்ளே வராது, நோஇண்டெக்ஸைப் படிக்காது, வெளி இணைப்புகளை வைத்து முகவரியைத் தேடலில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதுவதை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை. பிடிஎஃப் கோப்புக்குள் மெட்டா வரி எழுத முடியாது என்பதால் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் ஹெடர் அனுப்ப வேண்டும். பழைய கட்டண விவரப் பிடிஎஃப்கள் ஆண்டுக்கணக்கில் தேடலில் மிதப்பது இதைச் செய்யாததால்தான். சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவி சுமார் 6 மாதம் மறைத்துவைக்கும், அவ்வளவே. அதற்குள் 410 அல்லது நோஇண்டெக்ஸ் போடவில்லை என்றால் பக்கம் திரும்ப வரும்.

திசைதிருப்பல் வைத்த பிறகு, பிரச்சாரக் குறியீடு (வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் சேர்ப்பது) சேர்த்த ஓர் இணைப்பைத் திறந்து பாருங்கள். சில ப்ளக்இன்கள் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைக் கழற்றிவிடும். அப்போது வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவர்கள் எல்லாம் நேரடி வருகை என்று பதிவாவார்கள். 404 பக்கத்திலும் டேக் இருக்கட்டும். அனலிட்டிக்ஸில் அந்தப் பக்கத் தலைப்பை வடிகட்டி, வந்தவர் அதற்கு முன்பு இருந்த பக்கம் எது என்று பார்த்தால் உங்கள் தளத்துக்குள்ளேயே உடைந்து கிடக்கும் இணைப்புகள் வெளியே வந்துவிடும். நீங்களே அழித்த முகவரிகள் சர்ச் கன்சோலில் 404 என்று பட்டியலாகி நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதனால் தளத்துக்குக் கேடில்லை. 301 விதிகளைக் குறைந்தது ஓராண்டு வையுங்கள். நோட்டீஸிலோ சுவரொட்டியிலோ க்யூஆர் குறியீடாக அச்சாகிப் போன முகவரி என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள்.