கரும்புகை வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்

பிசானப் பருவ நெல் நடவுக்காகச் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் தொழி உழும்போது, சேற்றில் டிராக்டர் திணறும் இடத்தில் புகை சற்றுக் கருக்கும். பாரம் குறைந்ததும் தெளிந்துவிட்டால் கவலை வேண்டாம். வெறும் வண்டியாகச் சாலையில் போகும்போதும் கருத்தால்தான் கோளாறு.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16 முதல் 18 மடங்கு அழுத்த, அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. அதில் நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியச் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் டீசலில் உள்ள கரி எரியாமல் மிஞ்சும்; அதுவே கரும்புகை.

நாசில் ஒழுகினாலும், பம்பு அதிக டீசல் விட்டாலும் புகை கருக்கும் என்பது உண்மை. ஆனால் பம்பைக் கழற்றுவது செலவான வேலை. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரைத் திறக்கக் காசே ஆகாது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய டிராக்டரின் ஏர் கிளீனர் அடியில், தூசியைப் பிடிக்க ஆயில் ஊற்றியிருக்கும் சட்டியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். மேலே நல்ல ஆயில்தான். அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்குக் களிம்பாக மண். தேய்த்தால் நறநறவென்றது. புழுதி உழவில் உறிஞ்சிய தூசி அத்தனையும் அங்கேதான் இருந்தது. சட்டியையும் வலையையும் டீசலில் கழுவிப் புது ஆயில் ஊற்றியதும் புகை பாதியாகக் குறைந்தது.

சட்டியில் உள்ள கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றவே கூடாது. மிஞ்சிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சினால் நீலப்புகை வரும்; டீசலை நிறுத்திய பிறகும் அந்த ஆயிலைக் குடித்தே எஞ்சின் வெறிபிடித்து ஓடுவதும் உண்டு. சட்டி சரியாக இருந்தும் நீலம் நீடித்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ, சிலிண்டரின் உள்சுவரான லைனரோ தேய்ந்திருக்கலாம். நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டு, முடுக்கியவுடன் மட்டும் குப்பென்று நீலம் வந்தால் வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சந்தேகிக்கலாம்.

மார்கழிக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை இயல்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் வந்தால் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து டீசல் நெடி அடித்தால், எரியாத டீசல்தான் அப்படி வெளியேறுகிறது: நாசில், டைமிங் (டீசல் தூவும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) மூன்றையும் பார்க்க வேண்டும். நெடியில்லாத வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். எஞ்சினை நிறுத்தி, ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், வயல் பாதியில் கிடந்தாலும் அன்றைக்கு உழவு வேண்டாம்.