நகலெடுக்கத் தேவையில்லாததைக் கண்டுபிடிக்கும் கணக்கு

“பல ஏஐ முகவர்கள் தனித்தனிப் பணிவெளிகளில் இயங்கும்போது ஒன்றின் தரவு மற்றொன்றுக்கு எப்படிப் போகிறது? ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியிருக்குமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அத்தகைய கருவி ஒன்றுக்கு அண்மையில் பயன்பாட்டுக் கையேடு எழுதியபோது நானும் இதே கேள்வியோடுதான் பல நாள் இருந்தேன்.

தானாகவே பணிகளைச் செய்யும் ஏஐ நிரலைத்தான் முகவர் என்கிறோம்; அது தன் கோப்புகளை வைத்து வேலை செய்யும் இடம் பணிவெளி. பணிவெளிகளைப் பிரித்து வைப்பதன் காரணம் எளிது: ஒரே கோப்பில் இரண்டு முகவர்கள் எழுதினால், பிந்தியது முந்தியதை அழித்துவிடும். இரண்டு பணிவெளிகளும் ஒரே வட்டில் இருந்தால் நகலெடுப்பதும் எளிது. பிடிஆர்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் இரு கோப்புகளையும் ஒரே தரவைச் சுட்ட வைத்து, யாராவது மாற்றி எழுதும் பகுதியை மட்டும் அப்போது பிரித்துக்கொள்கின்றன. அவை வெவ்வேறு கணினிகளில் இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இங்கே புதிய கோப்பு, அங்கே பழைய கோப்பு. எங்கே வேறுபடுகின்றன என்று அறிய இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். அதற்கு ஒன்றை முழுமையாக அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் ஒப்பிடும் தேவையே இல்லை.

இந்த முடிச்சை 1996-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் ‘ஆர்சிங்க்’ என்ற நிரலின் மூலம் அவிழ்த்தார்கள். பழைய கோப்பை வைத்திருக்கும் கணினி அதைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்னும் சுருக்க எண்களைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஒரு துண்டு 700 பைட் என்று கொண்டால், அவர்களுடைய முதல் வடிவத்தில் அதற்கான சுருக்கம் 20 பைட் மட்டுமே. புதிய கோப்பை வைத்திருக்கும் கணினி தன்னிடம் அதே சுருக்கம் கொண்ட பகுதிகளைத் தேடி, கிடைத்த இடங்களில் “உன் 12-ஆம் துண்டையே வைத்துக்கொள்” என்று சொல்லி, கிடைக்காதவற்றை மட்டும் அனுப்புகிறது.

ஆனால் புதிய கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து சேர்ந்துவிட்டால், பின்னாலுள்ள அனைத்தும் இடம் தள்ளிப்போய், 700, 1400 என்ற பழைய எல்லைகளில் எதுவுமே பொருந்தாது. ஆகவே கோப்பின் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் 700 பைட் கொண்ட ஒரு சாளரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் 700 பைட்டுகளையும் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தால், முழுக் கோப்பையும் அனுப்பும் நேரத்தைவிடக் கணக்கிடும் நேரம் அதிகமாகிவிடக்கூடும்.

அந்த இடத்தில் அவர்கள் கையாண்ட உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நான்கு பைட் சாளரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 7, 2, 5, 1. இவற்றின் கூட்டல் 15. கூட்டல் மட்டும் போதாது, ஏனெனில் 1, 5, 2, 7 என்று திருப்பிப் போட்டாலும் அதே 15 வரும். எனவே இரண்டாவது எண்ணில் முதல் பைட்டை நான்கு மடங்காகவும், அடுத்ததை மூன்று மடங்காகவும், இப்படியே குறைத்துக்கொண்டும் கூட்டுகிறார்கள்: 28, 6, 10, 1 சேர்ந்து 45. திருப்பிப் போட்ட வரிசைக்கு இது 30 ஆகிவிடுவதால் வேறுபாடு தெரிந்துவிடுகிறது. இப்போது அடுத்த பைட் 6. சாளரம் ஓர் அடி நகர்கிறது. கூட்டலில் வெளியேறும் 7-ஐக் கழித்து, நுழையும் 6-ஐச் சேர்த்தால் 14. இரண்டாவது எண்ணில், வெளியேறும் 7-இன் நான்கு மடங்கான 28-ஐக் கழித்துவிட்டு, இப்போது கிடைத்த 14-ஐக் கூட்டினால் 31. சரிபார்க்க, 2, 5, 1, 6-ஐ முதலிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள்: 8, 15, 2, 6 சேர்ந்து 31. உள்ளே இருந்த மூன்று பைட்டுகளையும் நாம் தொடவே இல்லை, ஆயினும் அவை ஒவ்வொன்றின் மடங்கும் ஒன்று ஏறிவிட்டது. சாளரம் 700 பைட்டாக இருந்தாலும் ஓர் அடிக்கு இதே சில கணக்குகள்தான். இரு எண்களும் 65,536-ஆல் வகுத்த மீதியாக வைக்கப்படுவதால் அவை பெருகிப் போவதும் இல்லை.

இந்த எளிய எண் வெவ்வேறு துண்டுகளுக்குத் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிடலாம் என்பதால், அது பொருந்தும் இடத்தில் மட்டும் வலுவான இன்னொரு செக்சத்தை (தொடக்கத்தில் எம்டி4) கணக்கிட்டு உறுதி செய்கிறார்கள். டிரிட்ஜெல்லின் முனைவர் பட்ட ஆய்விலும் இது இடம்பெற்றது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக்கேட்டு ஆய்வு நிதியை வெட்டுவோர் இத்தகைய மாணவர்களுக்குக் கிடைக்கும் அமைதியான ஆண்டுகளைத்தான் வெட்டுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு நுட்பமும் “இந்தக் கோப்பு மாறியிருக்கிறது” என்று கருவி முடிவு செய்த பிறகுதான் வேலை செய்கிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ஆர்சிங்க் இயல்பாக அளவையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் கோப்பைத் திறக்காமலேயே கடந்துவிடுகிறது. நான் கையேடு எழுதிய கருவியும் அப்படித்தான். நானோ “மாறிய கோப்புகள் மட்டும் நகலெடுக்கப்படும்” என்று எழுதியிருந்தேன். ஒரு முகவர் அமைவுக் கோப்பில் 5 என்பதை 7 ஆக்கியது, அளவு மாறவில்லை. அதன் நிரல் பழைய நேரத்தையே திரும்பப் பதித்துவிட்டது. கோப்பு போய்ச் சேரவில்லை. அடுத்த முகவர் என் வரியை நம்பி, பழைய 5-ஐ வைத்தே வேலையை முடித்தது. மனிதராக இருந்தால் ஒருவேளை விளைவைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார். முகவருக்கோ கையேட்டில் இருப்பதுதான் உலகம்.

அதன் பிறகு அந்த வரியை இப்படித் திருத்தினேன்: “அளவோ மாற்றப்பட்ட நேரமோ வேறுபடும் கோப்புகள் மட்டும் நகலெடுக்கப்படும், இரண்டும் ஒத்திருந்து உள்ளடக்கம் மட்டும் வேறுபட்டால் நகலெடுக்கப்படாது, உள்ளடக்கத்தையே ஒப்பிட வேண்டுமானால் செக்சம் விருப்பத்தைச் சேர்க்கவும், அப்போது இரு பக்கமும் எல்லாக் கோப்புகளும் முழுமையாகப் படிக்கப்படுவதால் நேரம் கூடும்.”