நுவரெலியாவில் கறுக்கும் பிளக்

பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிள் எஞ்சினில் தீப்பொறி போடுகிற பிளக் மூன்றையும் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தான். மூன்றும் கறுப்பு. சிம்னி விளக்குக் கண்ணாடியில் படிகிற கரியைப்போல, ஈரமில்லாமல், விரலால் தேய்த்தால் விரலுக்கு வந்துவிடுகிற கறுப்பு.

"புது பிளக்குண்ணே. போட்டு இருநூறு கிலோமீற்றர்கூட ஓடல. கடையில டூப்ளிகேட்ட குடுத்துட்டாங்க."

"வண்டி எங்க இருந்து வாங்குன?"

"நீர்கொழும்புல. அங்க நல்லாத்தான் ஓடுச்சு. இங்க கொண்டாந்ததுல இருந்து ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. வயசாயிருச்சு போல."

1980களின் கடைசியில் ஜப்பானில் செய்த 250 சிசி வண்டி அது. வயசாகிவிட்டதுதான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த மாதிரி வண்டிகளுக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போய்விட்டது. 2025இல் தடை தளர்ந்தாலும் புது வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலையா? ஆனால் பிளக் கறுத்ததற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. பிளக் கடைக்காரரைச் சொல்லவே முடியாது. முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் வரவேண்டும்.

நீர்கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இந்த உயரத்தில் நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு: கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். இங்கே தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். அவிசாவளையில் வாங்கிய மிக்சர் பாக்கெட் ஹட்டன் வரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதும் இதே கதை. இங்கே குளிர் அதிகம் என்பதால் காற்று கொஞ்சம் நெருங்கி நிற்கும். அதையும் கணக்கில் சேர்த்தால், ஒரு லீற்றர் நுவரெலியாக் காற்று ஒரு லீற்றர் கொழும்புக் காற்றைவிட 16, 17 வீதம் எடை குறைந்தது.

எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சுகிற கொள்ளளவு மாறாது. 250 என்றால் 250தான். உள்ளே போகிற காற்றின் எடைதான் குறைகிறது. பெற்றோலை எரிப்பது காற்றில் உள்ள ஒட்சிசன். அது குறைந்தால் பலமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். இதை எந்த மெக்கானிக் பாஸ் வந்தாலும், எந்த ஸ்குரூவைத் திருகினாலும் மீட்க முடியாது. "ட்யூன் பண்ணினா கொழும்பு மாதிரியே இழுக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் கரி படிவதற்குக் காரணம் பலக்குறைவு இல்லை. அது காற்றில் பெற்றோலைக் கலக்கிற காபரேட்டரின் வேலை.

கொசு மருந்து அடிக்கிற பழைய கைபம்பு ஞாபகம் இருக்கிறதா? தண்டை அழுத்தினால் காற்று ஒரு சின்ன ஓட்டை வழியே வேகமாகப் பாயும். அதன் குறுக்கே நிற்கிற குழாயின் வாயில் அழுத்தம் குறையும், டப்பாவில் இருக்கிற மருந்து தானாக மேலேறி வந்து தூளாகச் சிதறும். காபரேட்டரும் அதேதான். நடுவில் ஒடுங்கிய ஒரு தொண்டை. அதில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. கீழே மிதவை வைத்த கிண்ணத்தில் பெற்றோல் நிற்கிறது, அதன் மேல் வெளிக்காற்றின் அழுத்தம். இரண்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் பெற்றோலை ஜெட் என்கிற பித்தளைத் துளை வழியே மேலே தள்ளுகிறது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை.

சிக்கல் இங்கேதான் வருகிறது. காற்று மெலிந்தால் தொண்டையில் உண்டாகிற அழுத்த வித்தியாசமும் குறையும், அதனால் பெற்றோலும் கொஞ்சம் குறைந்துதான் வரும். ஆனால் காற்று குறைகிற அளவுக்கு அது குறையாது. திரவம் ஒரு துளை வழியே பாயும் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், காற்றின் எடை 16 வீதம் குறையும்போது பெற்றோல் 8, 9 வீதம்தான் குறைகிறது. கலவையில் பெற்றோலின் பங்கு 9 வீதம் கூடிவிடுகிறது. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கொழும்பில் அந்த அளவுக்குச் சரியாக வைத்த காபரேட்டர் நுவரெலியாவில் 13.4 கிராம்தான் கொடுக்கும். பழைய வண்டிகளைத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் பெற்றோல் தூக்கலாக வைத்துத்தான் அனுப்புவார்கள். அதற்கு மேல் இந்த 9 வீதமும் சேர்ந்தால் எரியாமல் மிஞ்சுகிற கார்பன் பிளக்கில் போய் உட்காரும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றின் அழுத்தத்தை அளக்க சென்சர் உண்டு. காபரேட்டருக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது.

அப்படியானால் ஜெட்டை மாற்றினால் முடிந்ததா? அவசரப்படாதீர்கள். கோளாறு ஊருடையதா வண்டியுடையதா என்று முதலில் பிரிக்கவேண்டும். பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: ஆக்சிலேட்டரை எவ்வளவு திறந்தாலும் உயரம் ஒரே மாதிரிக் கெடுக்கும், காபரேட்டருக்குள் இருக்கிற அழுக்கும் தேய்மானமும் பெரும்பாலும் ஏதோ ஒரு திறப்பில்தான் கெடுக்கும்.

ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒன்றைச் சுற்றுங்கள். முழுதாக மூடிய இடத்திலும் முழுதாகத் திறந்த இடத்திலும் பேனாவால் கோடு போட்டு, நடுவே கால், அரை, முக்கால் என்று மூன்று கோடு. பக்கத்தில் அசையாத இடத்தில் ஒரு புள்ளி. இப்போது பழகின ஏற்றம் ஒன்றில் வண்டியை விட்டு, எந்தக் கோடு புள்ளிக்கு நேராக வரும்போது திணறுகிறது என்று பாருங்கள். வேகமானியையோ கியரையோ பார்க்கவேண்டாம், கோட்டை மட்டும் பாருங்கள். மூடிய இடத்திலிருந்து கால் வரை பைலட் ஜெட் என்கிற சின்ன ஜெட்டின் ராச்சியம். காலிலிருந்து முக்கால் வரை, தொண்டையை மூடித் திறக்கிற ஸ்லைடில் தொங்குகிற ஊசியும் அது இறங்குகிற குழலும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட் என்கிற பெரிய ஜெட்.

தம்பி ஹக்கல பக்கம் போய் வந்தான். எல்லாக் கோட்டிலும் கொஞ்சம் மந்தம், அது உயரம். ஆனால் காலுக்கும் அரைக்கும் நடுவில் குலுங்கிக் குலுங்கி, சைலன்சரில் கறுப்புப் புகையே வந்ததாம். ஏர் ஃபில்டரைப் பார்த்தோம், சுத்தம். அப்படியானால் ஊசி.

காபரேட்டரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஜப்பான் காபரேட்டரின் ஸ்குரூத் தலையில் இருப்பது சாதாரண ஸ்டார் மாதிரித் தெரியும், ஆனால் அதன் வடிவம் வேறு. நம் வீட்டு ஸ்குரூடிரைவர் அதில் முழுதாக இறங்காது, அழுத்தினால் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் தரத்து டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் கொடுக்கிற காசுக்கு இவ்வளவு நிம்மதி தரும் சாமான் வேறில்லை. இன்னொன்று, குளிருக்குப் பயந்து அடுப்படியில் உட்கார்ந்து கழற்றாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

குழலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக ஊசி அதனுள்ளே அதிர்ந்து அதிர்ந்து பித்தளையைத் தேய்த்திருக்கிறது. துளை பெரிதானால் ஊசியைச் சுற்றி அதிக பெற்றோல் வரும். நீர்கொழும்பிலும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அங்கே எஞ்சின் சமாளித்துக்கொண்டது, இங்கே உயரமும் சேர்ந்ததும் முடியாமல் போனது. ஊசியும் குழலும் ஜோடியாக மாற்றியபின் அந்தக் குலுக்கல் நின்றது. எல்லாக் கோட்டிலும் இருந்த மந்தம் அப்படியே இருந்தது. அதில் பெற்றோல் கூடியதால் வந்த பங்குக்குத்தான் ஜெட்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றர்கூட இருக்காது, பெற்றோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைபடுவது அதுதான். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இதைத்தான் பார்த்தோம். ஊசியாலும் இரும்புக் கம்பியாலும் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பழைய வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். வண்டியை நிறுத்தி வைப்பதென்றால் பெற்றோல் டெப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். உறிஞ்சலால் ஸ்லைடு தானாக ஏறுகிற வகைக் காபரேட்டர் என்றால் அதன் ரப்பர் டயஃப்ரமை பல்புக்கு முன்னால் விரித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக ஏறாது. இந்த வகை உயரத்தைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் என்பதையும் சொல்லவேண்டும்: மெலிந்த காற்று ஸ்லைடைக் குறைவாகத் தூக்கும், ஊசியும் கீழேயே நிற்கும், பெற்றோல் குறையும். ஓரளவுதான், முழுதாக இல்லை.

இனி ஜெட். 9 வீதம் குறைக்கவேண்டும் என்றால் 110ஐ எடுத்துவிட்டு 100ஐப் போடு என்று கை பரபரக்கும். ஜெட்டில் குத்தியிருக்கிற எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சில ஜெட்டுகளில் அது துளையின் விட்டம், 110 என்றால் 1.10 மில்லிமீற்றர். பெற்றோல் போவது பரப்பளவைப் பொறுத்தது, பரப்பளவு விட்டத்தின் வர்க்கம். ஆகவே விட்டத்தில் நாலரை வீதம் குறைத்தாலே 9 வீதம் குறைந்துவிடும்: 105. வேறு சிலவற்றில் எண் நேராகப் பாய்கிற அளவையே குறிக்கும், அங்கேதான் 100. இந்த வித்தியாசம் தெரியாமல் மாற்றினால் எதிர்ப்பக்கக் கோளாறு வரும்.

எதிர்ப்பக்கக் கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். என் வண்டிக்கு 105 போட்டு, ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலேற்றி, அதாவது ஊசியை ஒரு படி கீழிறக்கி, நுவரெலியாவில் பால் தேத்தண்ணி நிறத்தில் பிளக் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே கோலத்தில் கொழும்புக்குக் கிளம்பினேன். ரம்பொடை இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை, இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லையே. கடுகண்ணாவை இறங்கி, கேகாலை தாண்டி, சமதரையில் அரை மணித்தியாலம் முறுக்கிப் பிடித்தபோதுதான் தகரத்தில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். வறக்காப்பொலையில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மலைக்குச் சரியான கலவை கீழே பெற்றோல் பற்றாத கலவை. சூடு ஏறும், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கலாம். பெற்றோல் கூடினால் பிளக்தான் போகும், குறைந்தால் எஞ்சினே போகும். அன்று மீதி வழி முழுக்க அரைக்கு மேல் முறுக்காமல், லொறிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். இப்போது 110 ஜெட் ஒரு காலி சித்தாலேப டப்பாவில், டூல் பையிலேயே இருக்கிறது. கொழும்பில் ஓரிரு நாள்தான் வேலை என்றால் 105ஐ எடுத்து அதைப் போட்டுக்கொண்டுதான் புறப்படுவேன், மலையேறும்போது கொஞ்சம் புகைத்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, எந்த ஜெட்டாலும் தீராத ஒன்று. ஜனவரியில் ஒரு விடியற்காலை, நானுஓயாவுக்கு இந்தப் பக்கம், முன்சில்லு தெரியாத பனிமூட்டம். மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன், வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பிளக்கில் தீப்பொறி இருந்தது, கிண்ணத்தில் பெற்றோல் இருந்தது. எஞ்சினைத் தொட முடியாத சூடு. காபரேட்டரைத் தொட்டால் ஐஸ்பழம் மாதிரிச் சில்லென்று, மேலெல்லாம் வியர்த்து நீர்த்துளி.

பெற்றோல் கையில் பட்டால் குளிர்கிறதல்லவா? ஆவியாகப் போகிற பெற்றோல் அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தொட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. காபரேட்டரின் தொண்டையில் இது விடாமல் நடக்கும்போது அங்கே வெப்பநிலை 20 பாகைகூட இறங்கலாம். வெளியே 8, 10 பாகை, காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்றால், அந்த ஈரம் தொண்டைக்குள்ளே பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைத்துவிடும். ஆக்சிலேட்டர் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது இடைவெளியும் குறுகல் என்பதால் அப்போதுதான் அதிகம் நடக்கும். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் எஞ்சினின் சுடுநீரைக் காபரேட்டரைச் சுற்றி ஓடவிட்டது இதற்காகத்தான். நமது பழைய வண்டிகளில் அந்த வசதி இல்லை. எஞ்சின் நின்றதும் உள்ளே காற்றோட்டமும் நிற்கிறது, சிலிண்டரின் சூடு மெல்லக் காபரேட்டருக்கு ஏறுகிறது.

தேயிலைச் செடி ஓரமாகக் குந்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன். பிறகு ஒரே உதையில் வண்டி பிடித்தது. அந்த நேரம் காபரேட்டரைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.