4 மில்லியாம்ப் சரியாகத்தான் வந்தது

ரசாயன ஆலை ஒன்றில் காஸ்டிக் சோடா டேங்க். முக்கால் மணி நேரமாக பம்ப் இழுத்துக்கொண்டிருக்கிறது, கண்ட்ரோல் ரூம் திரையில் லெவல் மட்டும் 62 சதவீதத்தை விட்டு அசையவில்லை. "சார், உங்க டிரான்ஸ்மிட்டர் தூங்குது" என்று போன் வந்தது. டேங்கின் மட்டத்தை அளந்து, 4 (காலி) முதல் 20 (நிறைவு) மில்லியாம்ப் வரையிலான கரண்டாக அனுப்பும் கருவி அது. போய்ப் பார்த்தால் அதன் கழுத்தில் பச்சை ஸ்டிக்கர். சோதனை முடிந்து 5 வாரம்தான் ஆகியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு டிரெயின் திருகை மெதுவாகத் தளர்த்தினோம். காஸ்டிக் பீறிட வேண்டும். ரெண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. ரீடிங் 62-லிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. 50 சதவீத காஸ்டிக் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். அதற்காகத்தான் குழாயைச் சுற்றி ஹீட்டிங் டேப் போட்டிருந்தார்கள். அதன் பிரேக்கர் எப்போதோ விழுந்து கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. டேங்கிலிருந்து வரும் வாய் அடைத்துவிட்டது. அடைப்புக்கும், அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடான டயாஃப்ரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பழைய அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டர் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, 5 வாரத்துக்கு முன்னால் நான் என்ன சோதித்தேன்? மூடியைத் திறந்து, டெர்மினலில், கருவிக்குப் பதிலாகக் கரண்ட் அனுப்பும் லூப் கேலிபரேட்டரை மாட்டி 4, 8, 12, 16, 20 மில்லியாம்ப் அனுப்பினேன். திரையில் 0, 25, 50, 75, 100 வந்தது. ஆபத்து மட்டம் வந்ததும் அமைப்பு தானாக நிறுத்தவேண்டிய ட்ரிப் பாயின்ட்டில் ட்ரிப் ஆனது. 20 நிமிட வேலை. கருவியிலிருந்து திரை வரையுள்ள வயர், பேரியர், கார்டு, முடிவெடுக்கும் லாஜிக் எல்லாம் நன்றாக இருப்பதை அது நிரூபித்தது. திரவத்தை யாரும் கேட்கவே இல்லை. அன்றைக்கே அடைத்திருந்ததா, பிறகு அடைத்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை. அடைத்திருந்தாலும் அந்தச் சோதனைக்கு அதைக் காட்டும் வழி கிடையாது.

இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் தங்கள் எலக்ட்ரானிக்ஸ் பழுதைப் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்து, கரண்டை 3.6 மில்லியாம்புக்குக் கீழோ 21-க்கு மேலோ தள்ளிவிடும். தானாகத் தெரியாத பழுதுகள் மிச்சமிருப்பது திரவம் தொடும் முனையில்தான். அடைப்பு, படிவு, டயாஃப்ரத்துக்குப் பின்னால் எண்ணெய்க் கசிவு, ராடார் வகைக் கருவியின் ஆன்டெனாவில் ஆவி படிவது. நாம் சோதிப்பதோ, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பாதியை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு டிரான்ஸ்மிட்டரில் தானாகத் தெரியாத ஆபத்தான பழுது 1 கோடி மணி நேரத்துக்கு 5 முறை வருகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வருடம் ஒருமுறை எல்லாப் பழுதையும் பிடிக்கிற சோதனை நடந்தால், தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும் சராசரி வாய்ப்பு 0.0022. பாதுகாப்பு அமைப்பின் நம்பகத்தன்மைப் படிநிலையான சில் 2-க்கு (SIL 2) 0.01-க்குள் இருந்தால் போதும், நிம்மதி. நம் சோதனை பாதிப் பழுதைத்தான் பிடிக்கும் என்றால்? மீதிப் பாதிக்குச் சோதனை இடைவெளி 1 வருடம் கிடையாது, கருவியின் ஆயுள் முழுக்க. 10 வருடம் வைத்துப் போட்டுப் பாருங்கள்: 0.012. வருடம் தவறாமல் ஸ்டிக்கர் ஒட்டியும் சில் 2 கையை விட்டுப் போய்விட்டது. இது டிரான்ஸ்மிட்டரின் பங்கு மட்டும்தான், ஓட்டத்தை நிறுத்தும் வால்வின் பங்கு தனி. ஆலைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61511 ஃபுரூப் டெஸ்ட் என்று சொல்வது, ஒளிந்திருக்கும் பழுதை வெளியே கொண்டுவருவதற்காக. அதை நாம் கேலிபரேஷன் என்று சுருக்கிவிட்டோம்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அங்கே எண்ணெய்க் கலவையைப் பிரிக்கும் கோபுரத்தின் அடிப்பகுதியில் இருந்தது டிஸ்பிளேசர் வகை லெவல் கருவி, அதாவது திரவத்தில் தொங்கும் ஒரு உருளையின் மிதப்பு விசையை வைத்து மட்டம் சொல்வது. அது அளக்கக்கூடிய உயரத்தைத் தாண்டித் திரவம் ஏறிவிட்டது. டிஸ்பிளேசர் முழுக்க மூழ்கிய பிறகு அதற்கு மட்டம் தெரியாது, திரவத்தின் அடர்த்தி மட்டும்தான் தெரியும். சூடாக்கச் சூடாக்க அடர்த்தி குறைந்தது, மிதப்பு விசை குறைந்தது, கரண்டும் குறைந்தது. கோபுரம் நிரம்பிக்கொண்டிருக்க, லெவல் இறங்குகிறது என்று திரை சொன்னது. அந்தக் கருவியின் டெர்மினலில் 4-லிருந்து 20 வரை அனுப்பிப் பார்த்திருந்தால் எல்லாம் அழகாகவே வந்திருக்கும்.

அதனால் என் சோதனைத் தாளில் இப்போது அடர்த்திக்கு ஒரு கட்டம் உண்டு. 5 மீட்டர் உயரம், நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 0.75 என்றால், அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிபி டிரான்ஸ்மிட்டரின் ஸ்பான், அதாவது காலியிலிருந்து நிறைவு வரையிலான வீச்சு, 3750 மில்லிமீட்டர் நீர். டேங்கில் இன்று இருப்பது 0.70 என்றால், முழு டேங்கை அது 93 சதவீதம் என்று காட்டும். ட்ரிப் 95-ல் இருந்தால் டேங்க் வழிந்த பிறகும் ட்ரிப் வராது. "என்ன சரக்கு, எத்தனை டிகிரியில்?" என்று ஆபரேஷன் ஆட்களிடம் கேட்காமல் கேலிபரேட்டரை எடுப்பதில்லை.

வயரைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். கழற்றியவுடன் 0 மில்லியாம்ப். அதைப் பழுது என்று லாஜிக் எடுத்துக்கொள்கிறதா, டேங்க் காலி என்று எடுத்துக்கொள்கிறதா? நிரம்பி வழியாமல் காக்கவேண்டிய கருவியில் வயர் அறுந்தால் 'டேங்க் காலி, இன்னும் ஊற்றலாம்' என்று புரிந்துகொண்ட அமைப்பை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் இயக்கிவைத்த கமிஷனிங் நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆனது ஒரு ஸ்க்ரூடிரைவரும் 1 நிமிடமும்.

திரவத்தை எப்படிக் கேட்பது என்பது கருவிக்குக் கருவி மாறும். அதிர்வை வைத்துத் திரவத்தை உணரும் ட்யூனிங் ஃபோர்க் சுவிட்ச் என்றால் கழற்றி வாளியில் முக்கலாம். டிபி என்றால் வாயைக் குத்தித் திறந்து ஓட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கைப்பம்பால் அழுத்தம் கொடுக்க வேண்டும். ராடார் என்றால் அது அனுப்பும் அலையின் எக்கோ (எதிரொலி) வரைபடத்தைச் சேமித்து, கமிஷனிங் அன்று எடுத்ததோடு ஒப்பிட வேண்டும், முக்கியமாக ஆன்டெனாவுக்கு அருகில். ட்ரிப் வரவேண்டியதே அந்த மேல் முனையில்தான், அங்கேதான் ராடாருக்குப் பார்வை மங்கும். எந்த வகையானாலும் நான் விடாமல் செய்வது ஒன்று: வழக்கமான எல்லைக்குள்ளேயே லெவலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கச் சொல்லி, டேங்குக்குள் இறக்கி மட்டம் அளக்கும் டிப் டேப்போடு ஒப்பிடுவது. சரக்கையே ட்ரிப் பாயின்ட் வரை ஏற்றிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ட்ரிப் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே சோதனை. வேலை செய்யாவிட்டால் சரக்கு தரையில் இருக்கும்.

அப்புறம், கழற்றுவதற்கு முன் இருந்த நிலையை எழுதிவைப்பது. அடைப்பைக் குத்தி எடுத்து, ஜீரோவைத் திருத்தி, எல்லாம் சரியான பிறகு தாளை நிரப்பும் பழக்கம் நம்மிடம் நிறைய. அப்படி எழுதினால் அந்தக் கருவி 10 வருடமாகப் பழுதே ஆகாதது என்று ரெக்கார்டு சொல்லும். அதை நம்பி இடைவெளியை 1 வருடத்திலிருந்து 2 வருடமாக நீட்டுவார்கள்.

சோதனை முடிந்த பிறகு வரும் கால் மணி நேரம் எனக்கு இன்னும் பயம். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் டேங்கின் லெவல் கேஜ் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. அதற்கு மேலே தனியாக ஒரு ஹை லெவல் சுவிட்ச் இருந்தது. அதன் டெஸ்ட் லீவரை வேலை நிலையில் நிறுத்தப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பூட்டு இல்லை, அது எதற்கு என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியவும் இல்லை. சுவிட்ச் கைவிட்டது, பெட்ரோல் வழிந்து ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. சோதிப்பதற்காக வைத்த ஒரு பாகம்தான் காவலைக் கெடுத்தது.

நம் வேலையில் அந்த லீவரின் இடத்தில் இருப்பது, டிபி கருவியின் இரண்டு அழுத்த வாய்களையும் ஒன்றோடொன்று இணைக்கும், மேனிஃபோல்டின் ஈக்வலைசிங் வால்வு. அதைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தால் டிரை லெக் (மேல் பக்கக் குழாய் வெறுமையாக இருப்பது) உள்ள டேங்க் காலி என்று காட்டும். வெட் லெக் (அதே குழாயில் திரவம் நிரப்பியிருப்பது) என்றால் தலைகீழ், டேங்க் நிறைந்ததாகக் காட்டும். கூடவே வெட் லெக்கில் நிரப்பிய திரவமும் போய்விடும். சோதனைக்காக ட்ரிப்பை நிறுத்திவைத்த பைபாஸை எடுக்க மறப்பதும், ரீடிங் அலைபாயாமல் மெதுவாக்கும் டேம்பிங்கை 30 நொடியில் விட்டுவிட்டு வருவதும் இதே ரகம். வேலை முடித்தவரே வால்வுகளைச் சரிபார்த்தால் மனக்கண்ணில் இருப்பதைத்தான் பார்ப்பார். எங்கள் குழுவில் இன்னொருவர் ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டு, "அண்ணே, ஈக்வலைசிங் மூடியிருக்கு" என்று சத்தமாகச் சொல்வார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். அதன் பிறகு கண்ட்ரோல் ரூமில் பைபாஸ் எடுக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் பர்மிட்டை மூடுகிறோம்.

20 நிமிடத்தில் முடிந்த சோதனைக்கு இப்போது இரண்டரை மணி நேரம் ஆகிறது. புரொடக்‌ஷன் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பர்மிட் வாங்க ஒரு சுற்று வாதாட வேண்டியிருக்கிறது. அந்தக் காஸ்டிக் டேங்கின் சோதனைத் தாளில் மில்லியாம்ப் கட்டங்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன. முதல் பக்கத்தில் முதல் கேள்வி ஹீட்டிங் டேப் சூடாக இருக்கிறதா என்பது. இரண்டாவது, டிரெயினைத் திறந்தபோது என்ன வந்தது.