பத்திரத்தில் பாப்பம்ஸ் பிராட்வே, பலகையில் பிரகாசம் சாலை

போன வருஷம் ஒருவர் கடைப் பத்திரக் கட்டோடு வந்தார். தாத்தா காலத்துக் கடை, ஜார்ஜ் டவுனில். அதை வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறார், வங்கிக்குப் பத்திரம் பார்க்கும் வக்கீல் ‘சொத்தின் அடையாளம் தெளிவாக இல்லை’ என்று ஒற்றை வரி எழுதித் திருப்பிவிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தில் பாப்பம்ஸ் பிராட்வே என்று இருக்கிறது, அப்பாவுக்கு வந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வெறும் பிராட்வே, இவர் கட்டுகிற சொத்து வரி ரசீதில் பிரகாசம் சாலை. கதவு எண்ணும் மூன்றிலும் மூன்று விதம். புதிதாகப் பார்க்கிறவருக்கு மூன்று தெருவில் மூன்று கடை இருப்பதாகத்தான் தோன்றும், அந்த வக்கீலை நான் குறை சொல்ல மாட்டேன்.

வந்தவர் அதற்குள் வேறொருவரிடம் யோசனை கேட்டிருந்தார். ‘தாத்தா பத்திரத்துக்குப் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர் இறந்து பல காலம் ஆகிறது, அவருடைய பேரன் பேத்திகள் எந்த ஊரில் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட எவ்வளவு கேட்பார்கள் என்று இவர் இரண்டு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தார்! இருபது வருஷத்துக்கு மேல் பத்திரம் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தெருவுக்கு அப்புறம் பெயர் மாறியது பத்திரத்தில் உள்ள பிழை ஆகாது. எழுதிய தேதியில் அந்தத் தெருவுக்கு அதுதான் பெயர். சரியாக எழுதியதை எதற்குத் திருத்துவது? பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தெருவைத்தான் குறிக்கின்றன என்று காட்டும் காகிதம் கையில் இருந்தால் போதும், அடுத்து எழுதப்போகும் பத்திரத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. பாப்பம் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் இருந்த வெள்ளைக்கார வக்கீல். பிரகாசமும் வக்கீல்தான், சென்னை உயர் நீதிமன்றத்தில் பேர் வாங்கிய பாரிஸ்டர், பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் (அன்றைக்கு மாகாண முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) 1953ல் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்தவர். 1928ல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டியதும் இதே பாரிமுனைப் பக்கம்தான். ஆக ஒரு வக்கீல் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு வக்கீல் பெயரை வைத்திருக்கிறார்கள், அதுவும் அந்த இடத்தோடு சம்பந்தப்பட்டவர் பெயரை. எல்லாத் தெருவுக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் இன்றைக்கும் பிராட்வே என்றுதான் டிக்கெட் கேட்கிறார், அது வேறு.

சென்னையில் இந்த வரிசை பெரிது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது எல்லோருக்கும் தெரியும். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, மவுபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை, சேமியர்ஸ் ரோடு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை, நுங்கம்பாக்கம் ஹை ரோடு உத்தமர் காந்தி சாலை, சைனா பஜார் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, கடற்கரைச் சாலையின் ஒரு பகுதி காமராஜர் சாலை, இன்னொரு பகுதி ராஜாஜி சாலை, பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை. இவற்றில் எந்தச் சாலையிலாவது, அல்லது அதை ஒட்டிய சந்திலாவது உங்களுக்குச் சொத்து இருந்தால் மூலப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அநேகமாகப் பழைய பெயர்தான் இருக்கும். சந்துக்காரர்களும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘இன்ன ரோட்டிலிருந்து பிரியும் இன்ன சந்து’ என்று எழுதுவதுதான் பழைய வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் 21ஆவது பிரிவு இருக்கிறது. நகரத்து வீடு என்றால் அது எந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது, தெருவுக்கு வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா, முன்பு யார் அனுபவித்தார், இப்போது யார், கதவு எண் உண்டா, இதையெல்லாம் எழுதச் சொல்கிறது. தெருப் பெயர் பத்திரத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ஆனால் அடுத்த 22ஆவது பிரிவே, சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இருந்தால் இந்தக் குறையைக் காட்டிப் பதிவை மறுக்க முடியாது என்கிற பொருளில் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டமும் அசையாச் சொத்து வழக்கில் எல்லைகளையோ சர்வே எண்ணையோ கொடுத்து அடையாளம் காட்டச் சொல்கிறது (கட்டளை 7, விதி 3), தெருப் பலகையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆகவே உங்கள் சொத்தைப் பிடித்து வைத்திருப்பது சர்வே எண்ணும் நான்கு எல்லையும் அளவும்தான். சென்னை போன்ற ஊரில் டி.எஸ். எண்ணும் (டவுன் சர்வே, அதாவது நகர நில அளவை எண்) பிளாக் எண்ணும். எந்தத் தலைவர் பெயர் வந்தாலும் போனாலும் டி.எஸ். எண் அசையாது.

அப்படியானால் ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்பீர்கள். பழைய பத்திரங்களில் சர்வே எண்ணே இல்லாமல் தெருவையும் கதவு எண்ணையும் மட்டும் நம்பி எழுதியவை ஏராளம். எல்லை எழுதும்போது ‘கிழக்கே இன்ன ரோடு, மேற்கே இன்னார் வீடு’ என்று எழுதியிருப்பார்கள். ரோட்டுக்குப் பெயர் மாறி, மேற்கு வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போய், பழைய எண் புதிய எண் என்று கதவு எண்ணும் மாறியிருந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஒன்று மட்டும் மாறினால் சமாளிக்கலாம், மூன்றும் சேர்ந்து மாறும்போதுதான் ஆள் மாட்டுகிறார்.

பெயரில் பாதி மாறுவது இன்னும் குழப்பம். 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னார்கள். நோக்கத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தியாகராய நகர் பிறக்கும்போதே நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரோடு பிறந்த இடம், அங்கே டாக்டர் டி.எம். நாயர் பெயரில் இருந்த டாக்டர் நாயர் ரோட்டில் ‘நாயர்’ போனதும் வெறும் டாக்டர் ரோடு என்று மிஞ்சியதை இன்றும் கிண்டலாகச் சொல்வார்கள். ஜி.என். செட்டி ரோட்டை ஒரு பத்திரத்தில் அப்படியும் அடுத்ததில் ஜி.என். ரோடு என்றும் பார்த்திருக்கிறேன். 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளிலிருந்து சாதிப் பெயரை எடுப்பது பற்றி மறுபடியும் ஓர் அரசாணை வந்தது. அதே மாதம் கோவையில் திறந்த மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்ததில் ‘நாயுடு’ இருக்கலாமா என்று விவாதம் ஓடியதையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவின் பெயர் இந்த வகையில் வரக்கூடியது என்றால் இப்போதுள்ள வரி ரசீது, மின் கட்டண ரசீது ஒவ்வொன்றைப் பத்திரக் கட்டுக்குள் போட்டு வையுங்கள். பெயர் மாறிய பிறகு அவைதான் சாட்சி.

தெருவாவது பரவாயில்லை, மாவட்டத்துக்கே இது நடந்திருக்கிறது. சில வருஷத்துக்கு முன் ஒரு சின்ன வயது வங்கி அதிகாரி போன் செய்து, ‘சார், காமராஜர் மாவட்டம் எங்கே இருக்கிறது, கணினியில் அப்படி ஒன்று வரவில்லையே’ என்றார். சிவகாசிப் பக்கத்து நிலம், 1989ல் எழுதிய பத்திரம். 1985ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் மாவட்டம், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எல்லாம் அந்தக் காலத்தவைதான். 1997ல் விருதுநகரில் தொடங்கவிருந்த போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் படைத் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிச் சாதி மோதல் வெடித்து, கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. இடைப்பட்ட பன்னிரண்டு வருஷத்துப் பத்திரங்கள் இன்னும் ஆயிரக்கணக்கான வீட்டுப் பீரோவில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் போலி என்று சந்தேகப்பட்டவர்களைக்கூட நான் சந்தித்திருக்கிறேன். அந்த அதிகாரிக்கு இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, எழுத்தில் கொடுங்கள் சார் என்றார். சரி என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

பெயர் மாறுவதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது ஒரே பெயர் பத்து இடத்தில் இருப்பது. புது மனைப் பிரிவு போடுகிறவர்கள் யோசிக்காமல் வைக்கும் பெயர்கள் நான்குதான்: காந்தி, நேரு, காமராஜர், அண்ணா. ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஓர் அண்ணா தெரு இருந்தவரை பிரச்சினை இல்லை. 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து புறநகர்களை உள்ளே எடுத்தபோது அத்தனை அண்ணா தெருவும் ஒரே ஊருக்குள் வந்துவிட்டன. அப்படிச் சேர்ந்த பகுதியிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவர் மேல் பணம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள், சம்மன் அடுத்த நகரின் அண்ணா தெருவில் அதே எண் கொண்ட பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது, இவர் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவின் நோட்டீஸ் சரியான வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயமே தெரியும். நல்ல வேளையாக, சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த அம்மா நோட்டீஸைக் கையில் வாங்கிய மறுநாளே வந்தார், அதனால் தப்பித்தார். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு ஆடி போய் ஆவணி வரட்டும் என்று இருப்பவர்களுக்கு இந்த 30 நாள் சத்தமில்லாமல் ஓடிவிடும். உங்கள் தெருவுக்கு இரட்டை இருந்தால் நகரின் பெயர், குறுக்குத் தெரு எண், பக்கத்துப் பெரிய சாலை இவற்றில் ஒன்றையாவது முகவரியில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆதாரிலும் அப்படியே.

விற்கும்போது, வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம் மாநிலத்தில் நகர்ப்புற வழிகாட்டி மதிப்பு (முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பு) தெருவாரியாகப் போடப்பட்டிருக்கிறது. உங்கள் தெரு அந்தப் பட்டியலில் பழைய பெயரில் இருக்கிறதா, புதிய பெயரில் இருக்கிறதா, இரண்டிலும் வேறு வேறு மதிப்போடு இருக்கிறதா என்று பத்திரம் எழுதும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த மதிப்புள்ள பெயரைப் பிடித்துக்கொண்டு பதிந்தால் மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவு விசாரணையில் போய் நிற்க வேண்டி வரலாம், அது பத்திரம் கைக்கு வராமல் மாதக்கணக்கில் இழுக்கும். வில்லங்கச் சான்று கேட்கும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். கணினிக் காலத்துக்குச் சர்வே எண் போதும், அதற்கு முந்தைய, கையால் எழுதிய அட்டவணைக்கு மனுவிலேயே பழைய தெருப் பெயரையும் பழைய கதவு எண்ணையும் எழுதிக் கொடுக்காவிட்டால் ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்துவிடும். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாது, ஏனென்றால் அது உங்கள் சொத்தைப் பற்றித் தேடியதே இல்லை.

பெயர் மாறியதற்கான அத்தாட்சி எங்கே கிடைக்கும் என்றால், முதலில் மாநகராட்சி மன்றத் தீர்மானமும் அதற்கு அரசு கொடுத்த ஒப்புதலும். எண்ணும் தேதியும் தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், பொறுமை இருந்தால் வரும். பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதுதான் ஆதாரம் என்று நினைக்காதீர்கள். 1979ல் பெரியார் நூற்றாண்டையொட்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் வைத்து நாற்பது வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில் அதே சாலையில் கிராண்ட் வெஸ்டர்ன் ட்ரங்க் ரோடு என்று பலகை முளைத்தது. நெடுஞ்சாலைத் துறைப் பதிவில் அந்தப் பெயர் இருந்ததாம். எதிர்ப்பு கிளம்பி, பலகையில் கறுப்பு மை பூசிய காட்சியையும் பார்த்தோம். ஒரு துறைக்குத் தெரிந்த பெயர் இன்னொரு துறைக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

பிராட்வே கடைக்கு வருகிறேன். அவருடைய அப்பா ஒரு தகரப் பெட்டி நிறைய வரிச் சீட்டு சேர்த்து வைத்திருந்தார். அதில் தெருப் பெயர் மாறுவதற்கு முந்தைய சீட்டும் பிந்தைய சீட்டும் ஒரே வரி விதிப்பு எண்ணோடு கிடைத்தன, எனக்கு வேறு என்ன வேண்டும்? அவற்றோடு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைச் சேர்த்து, டி.எஸ். எண்ணைக் காட்டி ஒரு கருத்துரை எழுதினேன், வங்கி ஏற்றுக்கொண்டது. அடமானப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘முன்பு பாப்பம்ஸ் பிராட்வே என்றும், பின்பு பிராட்வே என்றும், தற்போது பிரகாசம் சாலை என்றும் வழங்கப்படும் சாலையின் மேற்குப் பக்கம்’ என்று எழுதினோம், அதன் கீழே கதவு எண் மூன்றையும். தட்டச்சு செய்த பையனுக்கு ஒரு வரி கூடுதல் வேலை. விற்றவரின் பேரன் பேத்திகளை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.