கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

சென்ற கிழமை திருகோணமலை உவர்மலையிலுள்ள என் சட்ட அலுவலகத்துக்கு ஒருவர் பழைய விமானக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். நிலாவெளிக் காணி வழக்கு. லண்டனில் இருந்த அவருடைய தகப்பனாருக்கு, காணியில் குடியிருந்தவர் எழுதியது: “உங்கள் வளவை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலி அடைத்துவிட்டேன்.” பத்து வருடங்களுக்கு மேல் ஆண்டதால் காணி தனக்கே சொந்தம் என்று இன்று நீதிமன்றத்தில் நிற்பவரின் கையெழுத்து! நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாளைத் திருப்பினேன். வலது மூலையில் சதுரமாக ஓர் ஓட்டை. லண்டனில் அவருடைய பேரன் முத்திரை சேர்க்கிறானாம்.

கடிதத்தின் தலைப்பில் “செவ்வாய் இரவு” என்று மட்டும் இருக்கிறது. எந்த வருடத்துச் செவ்வாய் என்று சொல்லக்கூடிய தபாலகச் சீல் ஓட்டையோடு போய்விட்டது. விமானக் கடிதத்தில் கடிதமும் உறையும் மடித்து ஒட்டிய ஒரே தாள். வெளியே வெட்டினால் உள்ளே எழுதியதும் போகும். “வளவை உங்கள் பெயருக்கே” என்பதற்குப் பிறகு வெறும் காற்று.

இப்படி வருவது இந்த வருடத்தில் இது மூன்றாவது.

முப்பது வருடங்களாக முத்திரை சேர்ப்பவன்தான் இதைச் சொல்கிறேன். “பழைய முத்திரை ஐயா, லட்சக்கணக்கில் போகுமாம்” என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வெளியான 6 பென்ஸ் முத்திரை. பெரும் பணம் பெறுவது 1859இல் வந்த, மங்கிய ரோஜா நிற 4 பென்ஸ் முத்திரை. அது உங்கள் அலுமாரியில் இல்லை. உங்களிடம் இருப்பவை பெருந்தொகையாக அச்சடித்து, பெருந்தொகையாக ஒட்டி, பெருந்தொகையாக வெட்டி எடுக்கப்பட்டவை. ஒரு தேநீருக்கும் காணாது. விமானக் கடிதத்தில் இருப்பதோ தாளிலேயே அச்சடித்த முத்திரை. அதை வெட்டியெடுத்தால் மதிப்பு இன்னும் குறையும். முத்திரை பழசு என்பதால் விலை ஏறாது. கிடைப்பது அரிது, தேடுபவர் பலர் என்றால்தான் ஏறும்.

தபால் வரலாற்றைத் தேடுகிறவனுக்கு வேண்டியது முழு உறை. இரண்டாம் உலகப் போரில் இந்தத் துறைமுகத்தில் நின்ற மாலுமிகள் தம் கடிதங்களில் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது. என்னிடமுள்ள அத்தகைய உறையில் கப்பலின் பெயர், தணிக்கைக் குறி, ஒரு சீல் ஆகிய மூன்றுமே மிச்சம். மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் அது திருகோணமலையிலிருந்து போனதென்று கண்டுபிடித்தேன். மூலையை யாராவது வெட்டியிருந்தால் அது வெறும் குப்பை.

நீதிமன்றத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கேட்பது இடையூறில்லாத, உரிமையாளருக்கு எதிரான பத்து வருட ஆட்சி. இடையில் “உங்கள் வளவு” என்று எழுதி, காணி மற்றவருடையது என்று ஒப்புக்கொண்டவர் எந்த வருடத்தில் எழுதினார் என்பதுதான் கேள்வி. (சீல் சொல்வது தபாலகம் கையாண்ட நாளை மட்டுமே. எழுதியது யார் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சீல் இருந்தாலே வெற்றி என்று என்னிடம் வராதீர்கள்.)

உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள். பின்புறத்துச் சீல்களையும் பாருங்கள். போய்ச் சேர்ந்த நாளின் சீல் குத்தியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செலோடேப் ஒட்டவேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். மங்கிய திகதியைப் பேனாவால் தடிப்பாக்குகிறவர்களை என்ன சொல்வது? எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. பிள்ளைகளுக்கு முத்திரை வேண்டுமானால் தபாலகத்தில் புதிதாக வாங்கிக் கொடுங்கள், தயவுசெய்து.

கடிதம் கொண்டுவந்தவரின் பேரன் இன்னும் அந்தத் துண்டை வைத்திருக்கிறானாம், ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறானாம். காணாமற்போன சொற்கள் அதன் பின்புறத்தில், பசைக்குள் கவிழ்ந்து கிடக்கின்றன. பிய்க்காமல், தண்ணீரில் ஊறவைக்காமல், ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வரும் உறையையும் எறியவேண்டாம் என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.